இடக்கைக்காரர்

டிரான்ஸ்கோனாவில் பெப்ரவரி.
கூரை விளிம்பில் உறைந்த பனி
போக்கிடமில்லாமல் உள்ளே ஒழுகி
டாரியா ஹ்ரின்கிவ் அம்மையாரின் படுக்கையறைச் சீலிங்கில்
தேநீர் நிறத்தில் ஒரு கறை.
எட்டு வாரமாக அதன் கீழேதான் படுக்கிறார்.
"முதலில் முயல் மாதிரி இருந்தது,
இப்போது என் நாத்தனார்" என்றார்.

பழைய வீடு. சுரண்டிய துணுக்கை
உறையிலிட்டு ஆய்வுக்கு அனுப்பி
கல்நார் இல்லையென்று தாள் வந்த பிறகே
வேனிலிருந்து ஏணியை இறக்கினோம்
நானும் கஜரூபனும்.

ஊறிய பலகையை வெட்டி எடுத்தோம்,
இரண்டடிக்கு மூன்றடி.
புதுப் பலகை, திருகாணி, நாடா, ஒரு பூச்சு,
காயவிட்டு இன்னொன்று,
பழைய கறை மறுபடி எட்டிப் பார்க்காதிருக்கச்
சாராய வாடை அடிக்கும் ஒரு வெள்ளை.
இதுவரை யாரும் செய்வார்கள்.

மீதிச் சீலிங் முழுக்கக் காக்கைக்கால்.
கலவையில் தோய்த்த வட்டத் தூரிகையை
அண்ணாந்து ஒற்றி இழுத்தால்
பதிகிற வரிகளுக்கு
இங்கத்தையக் கொத்தர்கள் வைத்த பெயர்.
நான் பார்த்த காகம் எதுவும்
தலைகீழாக நடந்ததில்லை.

பதம் தோசைமா என்பான் கஜரூபன், எப்போதும்.
தோசைமா தலையில் சொட்டாது.
நான் தூரிகையைத் தூக்கிப் பார்ப்பேன்:
நுனியில் ஒரு கூர் எழுந்து
மூன்று எண்ணும்வரை
விழலாமா என்று யோசித்தால்
அது பதம்.

அட்டைத் துண்டில் ஒற்றிப் பார்த்தேன். பிழை.
தண்ணீரைக் குறைத்தேன். பிழை.
தூரிகை மயிரை வளைத்தேன், கத்தரித்தேன்.
எல்லாம் சரி,
ஆனாலும் என் காகங்கள் கதவுக்குப் போயின
பழையவை ஜன்னலுக்கு.

மேசைவிளக்கைச் சுவரோடு சாய்த்து வைத்துத்
தரையில் மல்லாந்து கிடந்தேன்.
சாய்ந்த வெளிச்சத்திடம் எதையும் மறைக்க முடியாது.
ஒவ்வொரு ஒற்றலின் முடிவிலும் சின்னதாய் ஒரு வால்,
வாலெல்லாம் எதிர்ப்பக்கம் முறுகி.
"கஜா, இதைப் போட்டவர் இடக்கைக்காரர்."
"இப்ப செத்தும் போயிருப்பார், அக்கா"
டோனட்டை மென்றபடி சொன்னான்.

ஜன்னலருகே ஆரம்பித்திருக்கிறார்,
நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்.
நடுவில் தோள் கடுத்திருக்கிறது.
அலமாரிப் பக்கம் வரும்போது
ஒற்றலுக்கும் ஒற்றலுக்கும் ஒரு சாண்,
வீட்டுக்குப் போகிற அவசரம்.
அங்கேயே ஓரிடத்தில் தூரிகை நழுவி
கையால் துடைத்த தடம்:
நாலு விரல்,
மேலே எத்தனையோ தடவை வெள்ளையடித்தும்
நாலு விரல்.

தூரிகையை இடக்கைக்கு மாற்றினேன்.
இருபது வருடமாகக் கலவைத்தட்டை ஏந்துவதைத் தவிர
வேறெதுவும் கேட்கப்படாத கை.
முதல் ஒற்றல் வழிந்து
முழங்கை வழியே சட்டைக்குள் போனது, குளிர்ந்து.
பத்தாவது பரவாயில்லை.
இருபதாவது வடிவாக வந்தது.
அதுதான் சிக்கல். இது அவர் களைத்த இடம்.
கையை உயர்த்தியபடியே இருநூறு எண்ணினேன்,
தோள் நடுங்கியது.
பிறகு ஒற்றினேன்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளையும் காய்ந்தபின்
அம்மையார் வந்தார்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
என்னைப் போலவே விளக்கைச் சாய்த்தார்.
செருப்போடு கட்டிலில் ஏறிப் படுத்து
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கைத்தடியைத் தூக்கி
அலமாரிக்கு மேலே அந்த நாலு விரலைக் காட்டினார்.
"அதோ. தெரிகிறது உங்கள் ஒட்டு."

கஜரூபன் வாயைத் திறந்தான்.
அவன் காலை மிதித்தேன்.
"ஆமாம்" என்றேன், "மன்னிக்க வேண்டும்."
முப்பது டாலர் குறைத்துக்கொண்டார்,
கொஞ்சம் மகிழ்ச்சியோடு.

வேனில் கேட்டான்:
"அந்த முப்பது ஆரின்ர கணக்கு?"
"இடக்கைக்காரற்ற கணக்கில எழுது."
சிவப்பு விளக்கில் நின்றோம்.
வீதியைப் பார்க்கக் குனிய
என் கழுத்து இன்னும் சம்மதிக்கவில்லை.